கடைசி ஆள்

"இன்னிக்கும் அந்த ரோடு ரோலர் எனக்குப் பின்னாடிதான்!"

ஷூவைக் கழற்றும்போதே மாஸ்டர் மனைவியிடம் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரல் கரகரப்பாகத்தான் வருகிறது. ஆனாலும் பெருமைக்குக் குறைச்சலில்லை.

"யாரோ ஒரு பொண்ணு. அவளைப் போய் ரோடு ரோலர்ங்கறீங்களே!"

"அவ நடக்கறதைப் பார்த்தா நீயும் அதான் சொல்லுவே. முப்பது வயசுதான் இருக்கும். என்னைத் தாண்ட முடியலை!"

இதைச் சொல்லியாவது மனுஷன் சிரிக்கிறாரே என்று மனைவி விட்டுவிட்டாள்.

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டராக இருந்தவர். 'விசில் மாஸ்டர்' என்றால் பிள்ளைகளுக்குக் கை கால் உதறும். தொந்தி என்றாலே அவருக்கு ஆகாது. கொஞ்சம் குண்டாக ஒரு பிள்ளை கண்ணில் பட்டால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் பட்டப்பெயர் ரெடி. 'கடைசியா வர்ற ஆளுக்கு இன்னும் ரெண்டு ரவுண்டு' என்பது அவர் போட்ட சட்டம். காய்ச்சல் என்று சொன்னாலும் தள்ளுபடி கிடையாது.

ஓய்வு பெற்ற மறு வருஷமே தைராய்டில் புற்றுநோய் என்றார்கள். கழுத்தைக் கீறி எடுத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் ஆறே மாதத்தில் உடம்பு பதினாலு கிலோ ஏறிவிட்டது. பழைய பேண்ட் எதுவும் தொடைக்கு மேல் ஏறவில்லை.

"தினமும் நடங்க. பத்து கிலோவாவது குறைச்சே ஆகணும்," என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது? பக்கத்து மைதானத்துக்குப் போனால், தான் விரட்டி விரட்டி ஓடவிட்ட பிள்ளைகளில் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் நாலு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு மைதானத்தைத் தேடிப் பிடித்தார். தலைக்குத் தொப்பி, கழுத்துத் தழும்பை மறைக்க ஒரு டவல்.

முதல் நாள் கிளம்பும்போதே மனைவியிடம் அறிவித்தார்: "அங்கே நான் கடைசி ஆளா வந்தா, மறுநாள் போகமாட்டேன். ஆமா, இப்பவே சொல்லிட்டேன்."

"அங்கே என்ன பந்தயமா வச்சிருக்காங்க?"

"எனக்கு வச்சிருக்காங்க."

போனார். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர்கூட அவரைக் கடந்து போனார். மாஸ்டருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கே போய்விடலாம் என்று திரும்பியபோதுதான் அவளைப் பார்த்தார். பத்தடி பின்னால், பூசினாற்போல் உடம்பும் தொளதொள பேண்ட்டுமாக, ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தாள்.

அப்பாடா என்றிருந்தது. தொடர்ந்து நடந்தார்.

தினமும் இதே கதைதான். அவர் மூச்சு வாங்கி நின்றால், அவள் குனிந்து ஷூ லேஸ் கட்டுவாள். 'ஒரு ரவுண்டுக்கு நாலு தடவை அவிழுது. ஒழுங்கா ஒரு முடிச்சுப் போடத் துப்பில்லை' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். அவள் புண்ணியத்தில் ஒரு ரவுண்டு மூன்று ரவுண்டானது. ரெண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது.

அன்று நடந்து முடித்ததும் வியர்வையைத் துடைத்த டவலை பெஞ்சிலேயே மறந்துவிட்டார். பஸ் நிறுத்தம் வரை போனவர், கழுத்தைத் தொட்டுப் பார்த்துப் பதறித் திரும்பினார்.

மைதானத்தில் யாரோ காற்றாய்ப் பறந்துகொண்டிருந்தார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ரோடு ரோலர்!

"இந்தப் பொண்ணு ஓடுமா?" என்று கேட்டில் நின்ற செக்யூரிட்டியிடம் கேட்டார்.

"நல்லா கேட்டீங்க சார்! மாரத்தான்ல மெடல் வாங்கினவங்க. தினம் பத்து ரவுண்டு. முன்னெல்லாம் வந்ததுமே ஓடிட்டுப் போயிடுவாங்க. ரெண்டு மாசமாத்தான் நீங்க போறவரைக்கும் நடந்துட்டு, அப்புறம் ஓடறாங்க. ஏன்னு தெரியலை."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். ஓடி வந்து, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"குட் மார்னிங் சார்! எட்டாவது, பி செக்ஷன். நீங்க 'டிரம்'னு கூப்பிடுவீங்களே..."

டிரம். மறக்கக்கூடிய பெயரா? எல்லாரும் கைதட்டிச் சிரிக்க, அழுதுகொண்டே அந்தக் கூடுதல் ரெண்டு ரவுண்டும் ஓடிய பிள்ளை. கைதட்டச் சொன்னதே அவர்தான்.

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது மாஸ்டருக்கு. ரெண்டு மாதம்! தினமும் பின்னாலேயே வந்து, தன் உடம்பு தளும்புவதை வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

"சிரிக்கணும்னா முன்னாடி வந்தே சிரிச்சிருக்கலாமேம்மா," என்றார். கரகரத்த குரல் உடைந்தது. "எனக்கு வேணும். நான் செஞ்சதுக்கு நல்லா வேணும்."

"ஐயோ, என்ன சார் நீங்க!"

அவள் ஓடிப்போய் பெஞ்சில் கிடந்த டவலை எடுத்து வந்தாள். தழும்பில் உரசாமல் மெதுவாக அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்டாள்.

"முதல் நாளே நீங்க டவலை எடுத்து வியர்வை துடைச்சப்போ தழும்பைப் பார்த்துட்டேன் சார். நான் முந்திப் போயிருந்தா நீங்கதானே கடைசி? கடைசி ஆளுக்கு இன்னும் ரெண்டு ரவுண்டாச்சே... இந்த உடம்போட அதை எப்படி சார் ஓடுவீங்க?"