பக்கத்து வீட்டு விருந்தாளி

பக்கத்து வீட்டிலிருந்து வயிற்றெரிச்சலோடு திரும்பினார் பூச்சி ஆய்வாளர்.

"ஒரு பூச்சி, வயித்துல ரோஸ் பட்டை. வலசை வர்ற அந்துப்பூச்சியேதான்! அவங்க திரைச்சீலையில ஜம்முனு உக்காந்திருக்கு. இங்க நான் வருஷக்கணக்கா விளக்கு வெச்சுக் காத்துக் கிடக்கேன். கடலையே தாண்டி வந்ததுக்கு இந்த ஒரு சுவரைத் தாண்ட முடியலையா?"

"அது என்னத்தத் தின்னு வளருமாம்?" என்று கேட்டாள் மனைவி.

"புழுவா இருக்கும்போது சர்க்கரைவள்ளி இலை. வால்ல கொம்பு இருக்கும். அப்புறம் மண்ணுக்குள்ள போய்க் கூட்டுப்புழு ஆயிடும்."

மனைவி மெல்ல நகர்ந்து, தன் சர்க்கரைவள்ளித் தொட்டியை மறைத்து நின்றாள்.

"ஏன் இப்படி முழிக்கிற?"

"கடலைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. சுவரைத் தாண்டிச்சு. போன மாசம் நான்தான் அந்தக் கொம்புப் புழுவைக் கரண்டியால அள்ளி அந்தப் பக்கம் வீசினேன்."