கண்ணாடிக்கு வெளியே வெர்னா

இங்கிலாந்தின் ஓல்டாம் ஊருக்குப் போகும் பஸ் பஞ்சாலை வாசலில் நிற்கிறது. இப்போதுதான் வேலை விட்டு ஏறிய நெசவுக்காரிகள் நாங்கள் இருபது பேர், முடியெல்லாம் பஞ்சு. எங்கள் நடுவே ஜன்னலோரம் க்ளிஃப், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன். போன ஞாயிறு, எங்களோடு தறி ஓட்டும் வெர்னாவிடம் "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டவன்; அவனுக்கு இன்னும் பதில் வரவில்லை. வெர்னா மழையில் ஓடிவந்து, அவன் ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் விளக்கடியில் நின்று, வாயை அகல அகலத் திறந்து சத்தமில்லாமல் பேசுகிறாள். தறி இரைச்சலில் நாங்கள் உதட்டசைவால்தான் பேசுவது, அதைப் பார்த்தே புரிந்துகொள்வது. அவன் தறிக்காரன் இல்லை என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. "என்ன சொல்ற? ஒண்ணும் கேக்கல!" என்று அவன் கண்ணாடியைத் தட்டுகிறான். அவள் இன்னும் மெதுவாகச் சொல்கிறாள். அவன் முகம் தொங்கிப்போகிறது. "மாட்டேங்கறா போல," என்று முனகுகிறான். கண்டக்டரின் கை மணிக் கயிற்றுக்குப் போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. "இறங்கித் தொலைடா கண்ணு! சரி சரின்னு மூணு தடவை சொல்லிட்டா. பஸ்ஸுக்கே தெரியும், உனக்குத்தான் தெரியல." அவன் குதித்து ஓடுகிறான். ஜன்னல் நெடுக எங்கள் முகங்களைப் பார்த்ததும் வெர்னாவுக்குக் காது வரை சிவக்கிறது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வாயை மறைத்துக்கொண்டு, அவன் காதருகே ஏதோ சொல்கிறாள். அது மட்டும் எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை.