படத்தில் ஐந்தாவது ஆள்

படத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். வீட்டில் இருப்பதோ நாலே பேர்.

ஜெபசுதா சாப்பாட்டு மேஜை மேல் தாளை விரித்து மறுபடியும் எண்ணினாள். ஐந்தேதான். அதுவரைக்கும் அவளுக்கு மனசு குளிர்ந்துதான் கிடந்தது.

இருக்காதா பின்னே! ஏழு வயது ஜாஸ்லின் தன்னை நல்ல கறுப்பாக, வாயெல்லாம் பல்லாக வரைந்திருந்தாள். அம்மாவுக்கு அச்சு அசல் கருப்பட்டி நிறம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா எபனேசருக்குக் "கரிக்கப்பல் கலரு" என்று பெயர் வைத்து அழுத்திப் பூசியிருந்தாள். தம்பி ஜெனோ மட்டும் கொஞ்சம் வெளுப்பு. அவன் பேக்கரி மக்ரூன் நிறமாம்.

இந்த ஒரு படத்துக்காகத்தான் அம்மாக்காரி எட்டு மாதமாகத் தவம் கிடந்தாள்.

போன கிறிஸ்துமஸுக்குப் பள்ளிக்கூட நாடகத்தில் தேவதூதனாக நிற்கிறேன் என்று ஜாஸ்லின் கை தூக்கினாள். வசனம் முழுக்கத் தலைகீழ்ப் பாடம். "கறுத்த பிள்ள தூதனா நின்னா எடுபடாது" என்று சொல்லி, டீச்சர் அவளை ஆட்டு மந்தையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பிள்ளை முகம் நிறையப் பவுடரை அப்பிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றது.

லீவு முடிந்ததும் ஜெபசுதா டிசியை வாங்கினாள். இனிமேல் வீட்டிலேயே பாடம். "படிச்ச பொம்பளைக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்றது சாத்தான்குளத்துச் சொந்தம். பேசட்டும், ஊர் வாய்க்குப் பூட்டா போட முடியும்?

முதல் நாள் முதல் வேலையாக, கிரேயான் டப்பாவிலிருந்த 'ஸ்கின் கலர்' துண்டை எடுத்துக் குப்பையில் வீசினாள். யாருடைய ஸ்கின்னாம் அது?

இன்றைக்குப் பாடம், எந்த நிறத்து ஆளானாலும் யாரையும் விட்டுவிடக் கூடாது, சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது. "இப்ப நம்ம குடும்பத்த வரைங்க" என்று தாளைக் கொடுத்துவிட்டு மீன்குழம்பை இறக்கப் போனாள்.

வந்து பார்த்தால் இந்த ஐந்தாவது ஆள்.

அது அப்பாவை ஒட்டினாற்போல் நின்றது. வெள்ளையும் ரோஸும் கலந்து இழைத்த முகம். கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ விரிந்து பறந்தது.

தேவதூதனேதான்! எட்டு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியும், பிள்ளை மனசில் அந்தத் தூதன் வெள்ளையாகத்தான் நிற்கிறான். ஜெபசுதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏளா, இந்தத் தூதன எதுக்கு இங்கன கொண்டாந்து வச்ச?"

ஜாஸ்லின் தம்பியைப் பார்த்தாள். தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

"தூதன் இல்லம்மா. அப்பாவ ஏசாதீங்க, என்ன? அது உங்களுக்கு முன்னாடி அப்பா கட்டுன பெரியம்மா. ஹால் சுவத்துல அப்பாகூட நிக்காவல்லா? பாவம், அவியளப் பத்தி இந்த வீட்டுல யாருமே பேச மாட்டேங்கிய. யாரையும் விட்டுரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?"

ஜெபசுதா ஹாலை எட்டிப் பார்த்தாள்.

கல்யாணப் போட்டோ. ஒன்பது வருஷமாக அங்கேதான் தொங்குகிறது. கோட்டுக்குள் எபனேசர் கறுப்பாக, அவன் அவனாகவே நின்றான். பக்கத்தில் வெள்ளைச் சேலையும் தலையில் வலைத்துணி நெட்டுமாக, உரித்த நுங்குபோல ஒருத்தி. நல்லா உற்றுப் பார்த்தாலும் ஜெபசுதாவுக்கே தன்னை அடையாளம் தெரியவில்லை.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தன.

"பெரியம்மா மட்டும் ஏம்மா அம்புட்டு வெள்ளை?" என்றான் ஜெனோ.

எட்டு மாதமாக எந்தக் கேள்விக்கும் அசராத டீச்சரம்மா, கிரேயான்களைப் பொறுக்கி டப்பாவில் அடுக்கத் தொடங்கினாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஸ்டுடியோ அண்ணாச்சியின் காதோரம் குனிந்து, மாப்பிள்ளைக்குக் கேட்காமல், "என்னைய மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கிருங்க" என்று சொன்னவள் அவள்தான்.