ஜோடிக் கையுறை

ஒஸ்லோவில் ஒரு பேக்கரியில், நிரோஷினி ஒற்றைக் கையால் பணிஸ் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வலக்கையில் தாய்க்கையுறை. அதன் ஜோடி, காட்டோரத்துத் திறந்தவெளிப் பள்ளியில், ஆறு வயது மகள் ஆரணியின் கையில். அங்கே பிள்ளை விரலை அசைத்தால் இவள் உள்ளங்கைக்குள் அந்த விரல் அசையும். இவள் அழுத்தினால் பிள்ளைக்குத் தெரியும்.

இன்று பனிச்சிற்ப வகுப்பு. காலையிலிருந்தே இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளை பனியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், இவள் உடனே அழுத்துவாள்: காணும் விளையாடினது, உள்ளே போ.

திடீரென்று அந்தக் கை அசையாமல் போனது. அழுத்தினாள். பதில் இல்லை. மறுபடி அழுத்தினாள். ஐந்து விரலும் ஐஸாய்க் குளிர்ந்து, விறைத்துக் கிடந்தன. தட்டம் கவிழ்ந்து பணிஸ் எல்லாம் தரையில் உருண்டது. அதைப் பாராமல் வகுப்பு ஆசிரியை துளசிக்கு போன் எடுத்தாள்.

"டீச்சர், என்ர பிள்ளைக்கு என்ன? கை விறைச்சுப்போச்சு!"

"ஐயோ அக்கா, பயப்பிடாதேங்கோ," துளசி சிரித்தாள். "ஆரணி ஸ்னோவில ஒரு கை செய்தவ. நல்ல வடிவான கை. கையுறையைக் கழட்டி அதுக்குப் போட்டுவிட்டுட்டு, மற்றப் பிள்ளையளோட ஓடித் திரியிறா."

"அவவுக்குக் குளிராதே?"

"வேர்த்துக் கொட்டுது அக்கா."

நிரோஷினி போனை வைத்துவிட்டுக் குனிந்து பணிஸ்களைப் பொறுக்கினாள், இடக்கையால். வலக்கை அந்தப் பனிக்கையை விடவில்லை. அழுத்தத்தான் பயமாக இருந்தது. உடைந்துபோனால் பிள்ளை அழும்.