பிரேக் மிதித்த கால்

கணவர் காலமாகி நான்கு வருடம் கழித்து, அவருடைய பழைய காரை மறுபடி ஓட்ட வேண்டும் என்று ஓர் அம்மாளுக்குத் தோன்றியது. முன்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் பிரேக் காலிப்பர்கள் துருவேறி இறுகிக் கிடந்தன. மெக்கானிக் வீட்டுக்கே வந்து புதியவற்றை மாட்டினார். இனி பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். இன்னொருவர் வெளியே திருகைத் திறந்து மூட வேண்டும். அந்த அம்மாள் உள்ளே ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக் இடது சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் குனிந்தார்.

“அக்கா, மூணு தடவை மிதிச்சுட்டு அப்படியே பிடிங்க.”

மிதி விழுந்தது. எண்ணெயோடு குமிழிகள் வந்தன.

“விடுங்க.”

எட்டுச் சுற்று. ஒன்றுகூடத் தவறவில்லை.

“பழகின கால் மாதிரி இருக்கே அக்கா!”

“என்ன தம்பி?” குரல் வீட்டு வாசலிலிருந்து வந்தது. “நீங்க குனியறப்பவே போன் அடிச்சுது. உள்ள ஓடிட்டேன். காக்க வச்சுட்டேனா?”

ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. மெக்கானிக் தட்டுத் தடுமாறி நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாள் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

“வலது பக்கம் பாக்கியா?”

“ஆமாக்கா.”

“அதையும் முடிச்சிருங்க.”

அவர் காரைச் சுற்றி வந்து, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். மெக்கானிக் வலது சக்கரத்தருகே குனிந்தார். திருகில் ஸ்பேனரை மாட்டினார்.

அந்த அம்மாள் காலி இருக்கையின் பக்கம் திரும்பி, “ம், மிதிங்க” என்றார்.