நடுக் கோபுரம்

"நீ அனுப்புற செய்தி என்னன்னு உனக்கே தெரியாதாம்மா?"

சுற்றிப் பார்க்க வந்த டீச்சர் கேட்டதும் கோபுரக்காரி வெட்கத்தோடு சிரித்தாள்.

"தெரியாது டீச்சர். வெள்ளைக்காரன் காலத்துலயே அப்படித்தான். எதிர்ல இருக்கிற கடலோர மலைக் கோபுரம் தன் மரக்கையை எப்படிக் காட்டுதோ, அதைப் பார்த்து அப்படியே கீழே ஊர்க் கோபுரத்துக்கு நாங்க காட்டணும். அர்த்தம் ரெண்டு முனையில இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். நடுவுல இருக்கிறவனுக்குத் தெரிஞ்சா ரகசியம் வெளியே போயிடுமே!"

"சரியான ஆளுங்கதான்!"

"ஆனா வேகத்தைப் பாருங்க. கப்பல் கண்ணுல பட்டா, குதிரைக்குச் சேணம் கட்டி முடிக்கிறதுக்குள்ள செய்தி ஊருக்குப் போயிடும். இப்போ நினைவுச்சின்னமாயிடுச்சு. வர்றவங்க பார்க்கிறதுக்காகத் தினம் ஒரு செய்தி."

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். உச்சியில் இரண்டு பெரிய மரக்கைகள், வானத்தையே தாங்கிப் பிடிப்பதுபோல் விரிந்திருந்தன.

தொலைநோக்கியில் கண் வைத்தவள், "ஆரம்பிச்சுட்டார்" என்றாள். எதிர் மலையில் தீக்குச்சி அளவுக்கு ஏதோ அசைந்தது. அவள் கயிறுகளை இழுத்தாள். தலைக்கு மேலே மரக்கைகள் முனகிக்கொண்டே எழுந்தன, மடங்கின, சாய்ந்தன. செய்தி முடியும்வரை டீச்சர் அண்ணாந்தபடியே நின்றார்.

"எதிர் மலையில யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்." கயிற்றை இழுத்துக் கட்டினாள். "நாலு மாசமாப் பேச்சு இல்லை. கோபத்துல 'போடி'ன்னார், அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். தப்புதான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், போயிடுவேன். வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு? எனக்கும் வீம்பு. வேற ஊருக்கு மாற்றல் வாங்கிட்டேன். நாளைக்குக் கிளம்புறேன்."

"அடிப்பாவி!" டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து நான் ஊர்க் கோபுரத்தைத்தான் பார்க்கப் போயிருந்தேன். வந்த செய்தியைப் படிச்சுக் காட்டினாங்க. நாலு மாசமா தினமும் அதேதானாம். எந்த வெள்ளைக்காரனோ பொண்டாட்டிக்கு அனுப்பின பழைய செய்தின்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

"என்னன்னு?"

"'தப்பு என் மேல்தான். வீட்டுக்கு வந்துவிடு.'"

கயிறு சிவக்க வைத்திருந்த தன் உள்ளங்கைகளையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டீச்சரையும் திறந்த கதவையும் அப்படியே விட்டுவிட்டு, எதிர் மலைக்குப் போகப் படியிறங்கினாள்.