எம்புள்ள கேட்டது

தேனி கம்ப்யூட்டர் கடையில் கால் வைத்ததிலிருந்து சீனிச்சாமிக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. மெஷினைப் பற்றித் தெரிந்தவள் என்று, பி.சி.ஏ. முடித்த மகள் ஹேமாவதியையும் கூட்டி வந்திருந்தார்.

"டெஸ்க்டாப்னா விலை பாதிதான். பிள்ளைக்கு அது போதும்ல?" என்றார்.

"அதைத் தூக்கிக்கிட்டு அலைய முடியுமாண்ணே? எம்புள்ள கேட்டது லேப்டாப்பு" என்றாள் உடன் வந்திருந்த பஞ்சவர்ணம்.

"அப்ப இந்தச் சின்னது?"

"பெருசாப் பாருங்கண்ணே. புள்ள மொகம் வாடிப்போகும்."

கடைக்காரர் சிரித்தார். "தம்பி என்ன படிக்கிது?"

சீனிச்சாமிக்குப் பொறுக்கவில்லை. "படிச்சு முடிச்சு பேங்குல வேலை பாக்குறாக. பவுனும் பைக்கும் வாங்கியாச்சு. வார வெள்ளிக்கிழமை எம்பொண்ணு கழுத்துல தாலி கட்டப் போறாக. இது இல்லாட்டி மேடை ஏற மாட்டாகளாம்!"

கடைக்காரரின் சிரிப்பு நின்றது.

ஹேமாவதி முன்னால் வந்தாள். "டெஸ்க்டாப்பே போடுங்கண்ணே."

"அதை எம்புள்ள எங்கன தூக்கிட்டுப் போவான்?" பஞ்சவர்ணம் எகிறினாள்.

"உங்க புள்ளைக்கு இல்ல, எனக்கு. அது எங்க வீட்டுலயேதான் இருக்கும். நானும் அங்கனதான் இருக்கப் போறேன்."